பாய்லர் ரூம் கடவுள்

எங்கள் தெருவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். நாங்களெல்லாம் நம்பாமல் சும்மா இருந்தோம். லாண்டரிக்காரர் மட்டும்தான் நம்பாமல் உழைத்தார். துணி வாங்க வந்த யாராவது பேச்சுவாக்கில், "எல்லாம் மேல இருக்கிறவன் பார்த்துக்குவான்" என்று சொல்லிவிட்டால் போதும். மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே கவுண்டரில் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஆதாரம்?" என்பார். வந்தவருக்கு பஸ் போய்விடும். மழை வந்துவிடும். ஆதாரம் மட்டும் வராது. நாளடைவில் அவருடைய சொந்தப் பெயர் தேய்ந்து, தெருவுக்கே அவர் ஆதாரம் ஆகிவிட்டார். போஸ்ட்மேன்கூட "ஆதாரம் சார், கையெழுத்து" என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

கடை என்றால் முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு கவுண்டர், கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள். அதைத் தாண்டிப் போனால்தான் உண்மையான லாண்டரி. துவைக்கும் மெஷின் இரண்டு, தரை அதிரச் சுற்றும் பிழியும் மெஷின் ஒன்று, வாயைப் பிளந்து பிளந்து மூடும் ஸ்டீம் பிரஸ், மூட்டை மூட்டையாக ஹோட்டல் படுக்கை விரிப்புகள். எல்லாவற்றுக்கும் பின்னால், தகரக் கதவு போட்ட தனி அறையில் பாய்லர். அண்ணாந்து பார்க்கிற உயரம். தோள் மட்டத்தில் பிரஷர் மீட்டர், பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், உச்சியில் சேஃப்டி வால்வு. காலையில் அதைப் பற்றவைத்து, அடியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை வடித்துவிட்டு, மீட்டரின் முள் ஏறும்வரை காத்திருந்தால்தான் கடையில் மற்ற எதுவும் அசையும். முள் ஏறும்போது அது ஒரு பெருமூச்சு விடும். ரொம்ப வருஷம் குடித்தனம் நடத்தி அலுத்த பெருமூச்சு.

ஆதாரத்தின் மனைவியை நாங்கள் கறையக்கா என்போம். எந்தக் கறையையும் முகர்ந்து பார்த்தே அது என்ன, எப்போது பட்டது, யார்மேல் கோபத்தில் கொட்டியது என்பதுவரை சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பது தவறு. தெரிந்துகொள்வார், வெளியே விடமாட்டார். தெருவின் பாதிக் குடும்பங்கள் உடையாமல் இருந்ததற்கு அந்த வாய் மூடியிருந்ததுதான் காரணம். அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், "எனக்கு எங்க நேரம்" என்பார்.

ஒரே மகன். முப்பதை நெருங்கியவன். வேலையில் கெட்டிக்காரன், குடியில் அதைவிடக் கெட்டிக்காரன். ஒருமுறை ஹோட்டலுக்குப் போக வேண்டிய மேஜை விரிப்புகளை ஆஸ்பத்திரியிலும், ஆஸ்பத்திரி அங்கிகளை ஹோட்டலிலும் இறக்கிவிட்டு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பூவேலை செய்த விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்களாம். ஹோட்டலில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். தெருவே சிரித்தது. பிறகு ஒரு நாள் படிக்கட்டில் உருண்டு வாயெல்லாம் ரத்தமாக வந்தான். அந்தச் சட்டையை மெஷினில் போடாமல் கறையக்கா தன் கையாலேயே துவைத்தார். "ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி போதும்" என்றார். அதற்கப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் பிழைப்பான். நிறுத்திவிட்டு மறுபடி தொட்டால், மறுபடி நிறுத்துவதற்கு ஆள் இருக்க மாட்டான்.

குடியை நிறுத்த உதவும் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கிருந்து பாதி எடையோடும் முழுப் பசியோடும் திரும்பி வந்தான். காலையில் ரொட்டிக்கும் முட்டைக்கும் சண்டை போட்டான். கறையக்கா ஒரு சண்டைக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் போட்டார். சாயங்காலமானால் டிரைவிங் ஸ்கூல் மாடியில் நடக்கும் கூட்டத்துக்குப் போவான். குடித்து நிறுத்தியவர்கள் சேர்ந்து நடத்துகிற கூட்டம். எங்கள் தெரு சலூன்காரர்தான் அதற்குப் பெரிய தலை. அங்கே முதல் பாடம் இதுதான்: என்னால் முடியாது என்று ஒத்துக்கொள்; உன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் உன்னை ஒப்படை.

ஆதாரத்துக்கு இங்கேதான் இடித்தது.

"சலூன்காரா, என் பையனுக்கு மருந்து குடு, புத்தி சொல்லு, வேணும்னா நாலு அறை விடு. சாமியை மட்டும் உள்ள கொண்டுவராதே" என்றார், சவரத்துக்கு உட்கார்ந்திருக்கும்போதே.

சலூன்காரர் கத்தியைத் தொண்டையருகே நிறுத்தி வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொல்பவர். "சாமின்னு யாரு சொன்னா ஆதாரம்? எங்களுக்கு எந்தச் சாமியும் இல்ல. உங்க பையன் எதை வேணும்னாலும் வச்சுக்கலாம். கதவு, ஜன்னல், கடல், எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. அது அவனா இருக்கக் கூடாது."

"கதவைக் கும்பிட்டா குடி போயிடுமா? ஆதாரம் என்ன?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு சலூன்காரர் மற்றக் கன்னத்துக்குப் போனார்.

ஆதாரம் அதை ஆதாரமாக ஏற்கவில்லை. ஆனாலும் கத்தி அங்கே இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

ஒரு நாள் காலை, மழை பிசுபிசுவென்று பிடித்திருந்தது. மழை நாளில் லாண்டரிக்கு வேலை இரட்டிப்பு; வீட்டில் காயாததெல்லாம் கடைக்கு வரும். ஆதாரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து தகரக் கதவைத் தள்ளினால், உள்ளே மகன் நிற்கிறான். வலது உள்ளங்கையை, அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்த பாய்லரின் வயிற்றில் வைத்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது. வாய் முணுமுணுக்கிறது.

"இன்னிக்கு ஒரு நாள் நீ பார்த்துக்கோ. என்னால ஆகாது. உன்னால ஆகும்."

பாய்லர் பெருமூச்சு விட்டது.

ஆதாரம் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு, கறை எடுக்கும் மேஜைக்குப் போனார்.

"பையன் பாய்லரைக் கும்பிடறான்."

கறையக்கா ஒரு சட்டைக் காலரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்ப கும்பிடட்டும்."

"நான் சொல்றது உனக்குப் புரியுதா? நாலு தெருவுல இருக்கற அத்தனை சாமியோடயும் சண்டை போட்டவன் நான். இப்ப என் பின்கட்டுலயே ஒண்ணு முளைச்சிருக்கு. அதுக்கு மாசா மாசம் காஸ் பில்லும் நானே கட்டறேன்."

"மத்த சாமிக்கெல்லாம் மட்டும் செலவு இல்லாமலா இருக்கு? இதாவது விரிப்புக்கு ஆவி குடுக்குது. அந்தப் பிரஷை எடுங்க."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மகனைப் பிடித்துக்கொண்டார். மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்று சோறும் முட்டைக் குழம்பும்.

"தம்பி, அந்தப் பாய்லர் எந்த வருஷம் செஞ்சதுன்னு தெரியுமா?"

"தெரியும்பா. தகட்டுல போட்டிருக்கு."

"யாரு செஞ்சது?"

"ஃபாக்டரியில செஞ்சாங்க."

"மனுஷன் செஞ்ச பொருள் மனுஷனை எப்படிடா காப்பாத்தும்?"

"மனுஷன் செஞ்ச பொருள்தானே என்னை அந்தக் கதிக்கு ஆளாக்குச்சு. அதுவும் ஃபாக்டரியில செஞ்சதுதான்."

கறையக்கா குழம்புச் சட்டியை வழித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றான் மகன். "என்னைவிடப் பெரிசா இருக்கணும். நான் இல்லாததா இருக்கணும். சொல்லுங்க, மாத்திக்கறேன்."

ஆதாரம் இதற்காகவே வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "அறிவு."

"அது என்கிட்ட நெறையவே இருந்துச்சு. பாட்டிலை ஃபிளஷ் டேங்குக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

"சமுதாயம்."

"அதுதான் ஊத்திக் குடுத்துச்சு."

"இயற்கை."

"மழை பெஞ்சா எனக்குக் குடிக்கத் தோணும்பா."

ஆதாரம் ஒரு முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். அவர் வாதத்தில் பின்வாங்கும் விதம் அது. மென்று முடித்தபின், "ஏண்டா பாய்லர்?" என்றார், கொஞ்சம் குரல் இறங்கி.

மகன் தட்டில் விரலால் கோடு போட்டான். "நான் பொய் சொன்னா நம்பாதது அது ஒண்ணுதான். அம்மாகிட்டச் சொன்னா நம்புவா. உங்ககிட்டச் சொன்னா நம்பற மாதிரி இருப்பீங்க. பாய்லர்கிட்டப் போய்த் தண்ணி விட்டுட்டேன்னு சொன்னா, அது கண்ணாடியில மட்டத்தைக் காட்டும். அவ்வளவுதான். திட்டாது, அழாது."

கறையக்கா எழுந்து போய்த் துவைக்கும் மெஷினை வேலையில்லாமலே ஒரு முறை திறந்து மூடினார்.

செய்தி எப்படியோ கறையக்காவின் அண்ணனுக்குப் போய்விட்டது. அவர் மருந்துக்கடைக்காரர். முன்பெல்லாம் இருமலுக்கு டானிக் கொடுப்பவராகத்தான் இருந்தார். மலையடிவாரத்தில் ஏதோ தியான முகாமுக்குப் போய்வந்த பிறகு பிரபஞ்சத்தோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டு, எதையும் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தக் குரலில் அவர் பேதி மாத்திரை கொடுத்தால்கூட ஏதோ தீட்சை கொடுப்பது போலிருக்கும். அதே குரலோடு லாண்டரிக்கு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, பையன் குணமானது எப்படின்னு நெனைக்கறீங்க? நான் தினமும் கடையை மூடினதும் அவன் இருந்த திசையைப் பார்த்து ஆற்றல் அனுப்பினேன்."

"அனுப்பும்போது கூடவே அவனுக்கு எழுதிக்குடுத்த வைட்டமின் மாத்திரையையும் அனுப்பியிருக்கலாம், மச்சான். இங்க கிடைக்காம அலைஞ்சோம்."

மச்சான் புன்னகை செய்தார். கோபம் வந்தால் புன்னகை செய்வது முகாமில் சொல்லிக் கொடுத்தது. பிறகு பின்கட்டுக்கு நடந்து, பாய்லரைக் கீழிருந்து மேலாகப் பார்த்து, கண்ணை மூடி, உள்ளங்கையைக் காற்றில் அசைத்தார்.

"அதிர்வே இல்லை. ரொம்பத் தாழ்ந்த நிலை வழிபாடு இது. இரும்பைக் கும்பிடறவன் இரும்போட நின்னுடுவான்."

இந்த இடத்தில் ஆதாரம் "சரியாச் சொன்னீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய ஆயுள்காலக் கொள்கை அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"தாழ்ந்த நிலையா? இது ஆறு கிலோ பிரஷர் குடுக்குது மச்சான். உங்க பிரபஞ்சத்தை ஒரே ஒரு தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக் காட்டச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை, நான் சொல்றது சூட்சுமம்."

"கையை அங்க வைக்காதீங்க, சுட்டுடும். அதுல சூட்சுமமே கிடையாது."

மச்சான் புன்னகையோடு போய்விட்டார். தான் சற்றுமுன் ஒரு கடவுளின் கட்சியில் நின்று வாதாடியிருக்கிறோம் என்பது ஆதாரத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் பிழியும் மெஷின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வினை இன்ஸ்பெக்டர் வடிவில் வந்தது. பாய்லர்களைச் சோதிக்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர். சின்னச் சுத்தியலால் பாய்லரின் உடம்பெங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடிப்பாகத்தில் ஓரிடத்தில் தட்டியபோது சத்தம் மாறியது.

"தகடு தேஞ்சு போச்சு. எடுத்துடுங்க."

"ஒட்டுப் போட்டு ஓட்டலாமே சார்?"

"நீங்க இதை ஓட்டினா இது உங்களை ஓட்டிடும். புதுசுக்குத்தான் ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கீங்களே, அப்புறம் என்ன?"

உண்மைதான். மகன் இல்லத்தில் இருந்தபோதே புதுப் பாய்லருக்குச் சொல்லி வைத்திருந்தார். அப்போது அது வெறும் பாய்லராக இருந்தது.

"கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியாதா சார்? குடும்ப விஷயம்."

"பாய்லரா?"

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று கணவனும் மனைவியும் கறை மேஜைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். மகன் ஹோட்டலுக்குப் போயிருந்தான்.

"அவன் சாமியைப் பழைய இரும்புக்கா போடப் போறீங்க?"

"வெடிச்சா சாமியும் இருக்காது, பூசாரியும் இருக்க மாட்டான், நாமளும் இருக்க மாட்டோம்."

"அப்ப அவன்கிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? உன் கடவுளுக்கு அடித்தகடு தேஞ்சு போச்சுன்னா?"

"வருஷம் பூரா கடவுள் இல்ல இல்லன்னு சொன்னீங்களே. இப்ப ஒருத்தன்கிட்ட ஒரு தடவை சொல்ல வாய் வரலையா?"

ஆதாரத்துக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு எளிமையானது. பாய்லர் இருக்கிறது, பையன் குடிக்கவில்லை. பாய்லர் போனால்? இப்படிக் கணக்குப் போடுவதைத்தான் மூடநம்பிக்கை என்று அவர் மற்றவர்களுக்கு விளக்குவார். இப்போது அந்தக் கணக்கு அவர் நெஞ்சில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவர் ஒரு தந்திரம் செய்தார். பையனின் பக்தியை மெல்ல வேறிடத்துக்கு மாற்றிவிடப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பிழியற மெஷினைப் பத்தி உன் அபிப்பிராயம் என்ன?"

"ஏன், பெல்ட்டு தேஞ்சிருக்கா?"

"இல்லல்ல. நல்ல மெஷின்னு சொல்ல வந்தேன். பெரிசாவும் இருக்கு. எவ்வளவு ஈரமா உள்ள போனாலும் பாரமெல்லாம் எறங்கித்தான் வெளிய வருது. யோசிச்சுப் பார்த்தா பெரிய விஷயம்."

மகன் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

கடைசியில் அவர்கள் செய்தது, பாசம் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். புதுப் பாய்லர் வருகிற நாளில், நகரத்தின் அந்தக் கோடியிலிருக்கும் ஹோட்டலுக்கு விரிப்புகளை ஏற்றி மகனை வேனில் அனுப்பிவிட்டார்கள். அவன் போன பின் சந்துக்குள் லாரி வந்தது. குழாய்களை அறுத்து, சங்கிலி மாட்டி, நாலு பேர் சேர்ந்து பழைய பாய்லரை உருட்டுக் கம்பிகள்மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆதாரம் கூடவே ஓடி ஓடி, "பார்த்து, பார்த்து, மெதுவா" என்று கத்தினார்.

"பழைய இரும்புதானே சார்" என்றான் ஒருவன்.

"யாரா இருந்தாலும் மரியாதையா எறக்கணும்" என்றார் ஆதாரம். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு, குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மகன் திரும்பியபோது பாய்லர் ரூமில் ஒரு வட்டமான துருக்கறை மட்டும் தரையில் இருந்தது. அதைப் போக்குவதற்குக் கறையக்காவிடம் வழியில்லை. புதுப் பாய்லர் பிளாஸ்டிக் உறையோடு மூலையில் நின்றது. அவன் வாசலிலேயே நின்று பார்த்தான். பெற்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வேன் சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

"தம்பி, குடை" என்றார் கறையக்கா. சந்தில் யாரும் இல்லை.

சிறிது நேரம் இருவரும் தலையணை உறைகளை மடித்தார்கள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார்கள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க போங்க" என்றார் கறையக்கா. "நான் இங்க இருக்கேன். அவன் திரும்பி வந்தா ஆள் இருக்கணும்."

ஆதாரம் முதலில் போனது பாருக்கு. பையனைத் தூக்கிக்கொண்டு வருவதற்காகப் பழைய நாட்களில் பல தடவை போன இடம் என்பதால், பார்க்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"வந்தானா?"

"வந்தான்."

ஆதாரம் பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "வந்து?"

"கதவைத் தொறந்து பிடிச்சுக்கிட்டே நின்னான். உள்ளயும் வரல, வெளியவும் போகல. நான் எவ்வளவு நேரம்தான் பாக்கறது? ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ, ஏசி போகுதுன்னு கத்தினேன். போயிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"ஏசி போகாத பக்கம்" என்றார் பார்க்காரர், கிளாஸைத் துடைத்துக்கொண்டே. பிறகு என்ன நினைத்தாரோ, "டிரைவிங் ஸ்கூல் மாடியில கூட்டம் நடக்குமே, அங்க பாருங்க ஆதாரம்" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் மாடிப்படியை ஆதாரம் அதுவரை ஏறியதில்லை. இருபது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட அறை. சுவரெல்லாம் சாலைக் குறிகள்: வளைவு, வேகத்தடை, திரும்பாதே. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த தலையோடும் சிவந்த கண்ணோடும் நடுங்கும் கையோடும் ஒருவர் வந்து வாசலில் நின்றதும், அத்தனை பேரும் ரொம்ப அன்பாக எழுந்துவிட்டார்கள். ஒருவர் துண்டு கொடுத்தார். ஒருவர் நாற்காலி போட்டார்.

"முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் ஐயா. உட்காருங்க."

"நான் அதுக்கு வரல. என் பையன்…"

"குடும்பத்துக்காக நிறுத்தணும்னு நெனைச்சதே பெரிய விஷயம்."

"நான் குடிக்கறதே இல்லைங்க."

வட்டம் முழுவதும் தலையசைத்தது. ஆழ்ந்த அனுதாபத்தோடு தலையசைத்தது. "நாங்க எல்லாரும் அந்த வார்த்தையிலதான் ஆரம்பிச்சோம்" என்றார் ஜன்னலோரத்தில் இருந்த தடித்த மனிதர்.

"சத்தியமா நான் தொட்டதில்லை."

"சத்தியம் நானும் நெறையப் பண்ணியிருக்கேன்."

ஆதாரம் சலூன்காரரைத் தேடினார். சலூன்காரர் எதிரே உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்; வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த சந்தோஷம் அந்த முகத்தில் தெரிந்தது.

அப்போது பின்பக்கத்துச் சின்னச் சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவர் குடிக்க மாட்டார். நான் சாட்சி. வீட்டுக்கு வேண்டிய அளவு நானே குடிச்சுட்டேன்."

மகன் கையில் டீத் தட்டோடு நின்றான். அவனுடைய கண் தெளிவாக இருந்தது. ஆதாரம் எழுந்து அவன் பக்கத்தில் போய், பழைய பழக்கத்தில் மூக்கை உறிஞ்சி முகர்ந்து பார்த்தார். டீ வாசனைதான் அடித்தது.

சமையலறையில் கழுவாத கிளாஸ்கள் குவிந்து கிடந்தன. மகன் கழுவினான். ஆதாரம் துடைத்தார். நடுவில் போனை எடுத்துக் கறையக்காவிடம் சொன்னார்.

"இருக்கான்."

"குடிச்சிருக்கானா?"

"இல்ல. கிளாஸ் கழுவிட்டிருக்கான்."

"நம்ம வீட்டுல ஒரு கிளாஸ் கழுவினதில்ல" என்றார் கறையக்கா. குரல் ஈரமாக இருந்தது. "சூப்பு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் வாங்க."

ஆதாரம் போனை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "தம்பி, பாய்லரை நான் வேணும்னு எடுக்கல. தகடு தேஞ்சு…"

"எனக்குத் தெரியும்பா. தினம் கைய வச்சுப் பார்த்தவன் நான். அடியில சூடு ஒரே மாதிரி இல்லன்னு எனக்குத் தெரியாதா? உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏண்டா அப்படிப் போனே?"

மகன் குழாயை மூடினான். "என் முன்னால எடுத்திருந்தா நானே ஒரு பக்கம் சங்கிலியைப் பிடிச்சிருப்பேன். என்னை வெளிய அனுப்பிட்டு எடுத்தீங்க. அது போனா நான் போயிடுவேன்னு நெனைச்சீங்க. பாய்லர்மேல என்னைவிட உங்களுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்திப்பா."

ஆதாரம் சுற்றுமுற்றும் பார்த்தார். வாயில் போட்டுக்கொள்ள முட்டை எதுவும் இல்லை. ஒரே கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பார் கதவுகிட்ட நிக்கும்போது பயமாத்தான் இருந்துச்சு" என்றான் மகன், கொஞ்சம் கழித்து. "பாய்லரை நெனைச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வரல. கை தானா கதவைப் பிடிச்சிருக்கு. கால் உள்ள போகப் பாக்குது. அப்ப ஒரு குரல் கேட்டுச்சுப்பா. வெளிய போன்னு. எங்கிருந்தோ வந்த மாதிரி. அவ்வளவு கோபமா, அவ்வளவு தெளிவா."

அது எங்கிருந்து வந்தது என்று ஆதாரத்துக்குத் தெரியும். எந்த வாயிலிருந்து, எதற்காக வந்தது என்றுகூடத் தெரியும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கடவுளின் விலாசமே கையில் கிடைத்திருக்கிறது. அந்த ஏசி சமாச்சாரத்தை இப்போது சொன்னால் அவர் வாதம் முழு வெற்றி. அவர் வாயைத் திறந்தார். மகன் ஈரக் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கும்" என்றார் ஆதாரம்.

"ஆதாரம் கேக்கலையா?"

"கிளாஸைக் குடு. இதுல இன்னும் டீக் கறை இருக்கு."

வெளியே கூட்டம் முடிகிற நேரம். எல்லோரும் எழுந்து வட்டமாக நின்று கை கோத்துக்கொண்டார்கள். தப்பிக்க வழியில்லாமல் ஆதாரமும் வட்டத்தில் மாட்டிக்கொண்டார். இடது கையைச் சலூன்காரர் பிடித்துக்கொண்டார், வலது கையை மகன். "நாம புரிஞ்சுக்கிட்ட சக்தியை நெனைச்சு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்குவோம்" என்றார் சலூன்காரர்.

அத்தனை கண்களும் மூடின. ஆதாரத்தின் கண் மூடவில்லை. கொள்கை ஒரு காரணம். இன்னொரு காரணம், மகன் குடித்துத் திரிந்த காலமெல்லாம் இந்த மனிதர் கண்ணை மூடியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கணம் அசந்தால் பையன் எழுந்து போய்விடுவான். போயும் இருக்கிறான்.

பக்கத்தில் திரும்பினால், மகனும் கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூடுங்கப்பா" என்றான் கிசுகிசுப்பாக.

"நீ முதல்ல மூடு."

"நான் மூடினா நீங்க எழுந்து ஓடிடுவீங்க."

"நான் எதுக்குடா ஓடறேன்."

"கடவுள்னு சொன்னா ஓடுவீங்களே."

"நீதான் ஓடுவே."

மகன் சிரித்தான். "ஓடல. கைய நீங்கதானே பிடிச்சிருக்கீங்க."

"நான் பிடிக்கல. நீதான் பிடிச்சிருக்கே."

"உஷ்" என்றார் சலூன்காரர், கண்ணைத் திறக்காமலே.

ஆதாரம் மகனின் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார். உள்ளே யாரும் தெரியவில்லை. அவர் எதிர்பார்த்தபடியே இருட்டுதான். அந்த இருட்டில் நின்றுகொண்டு, பையன் போய்விட்டானா என்று பார்க்காமல் இருப்பதற்கு அவர் படாத பாடு பட்டார்.